மோர் கேட்டு வந்தவர்

அபுதாபி பக்கம் ருவைஸில் எனக்கு எதிர் ஃபிளாட்டில் ஆறு வருடம் இருந்தவர் ஓர் அயர்லாந்துக்காரர். என்னைப் போலவே ரிஃபைனரியில் ஷிஃப்ட் டியூட்டி. என்னைப் போலவே குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்.

முதல் சனிக்கிழமை காலி டம்ளரோடு வாசலில் நின்றார். ரொட்டி சுட மோர் வேண்டுமாம். கடை மோரில் புளிப்பு போதாது என்றார். மோர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இரண்டு நாள் புளித்ததை ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு மணி நேரத்தில் பாதி ரொட்டியோடு திரும்பி வந்தார். ஈஸ்ட் கிடையாது, கோதுமை மாவு, சமையல் சோடா, உப்பு, மோர், அவ்வளவுதான். அவர் கிராமத்தில் அம்மா தினமும் சுடுவாராம். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிதான் அங்கே விறகு. இரும்புச் சட்டியில் மாவை வைத்து மூடி, அந்தத் தணலை மூடிமேலும் போடுவாராம். ஒன்பது பேர் வீடு, மறுநாளைக்கு மிஞ்சியதே இல்லை என்பார். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வெண்ணெய் தடவிச் சாப்பிடுவோம். அதிகம் பேச மாட்டோம். வாரத்தில் நான் தனியாகச் சாப்பிடாத ஒரே வேளை அதுதான். அதற்காகவே புதன்கிழமை உறை ஊற்றத் தவறியதில்லை.

போன மாதம் அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை நானே சுட்டுப் பார்த்தேன். சப்பாத்திக்குப் பழகிய கை சும்மா இருக்குமா? அடித்துப் பிசைந்ததில் ரொட்டி அம்மிக்கல் ஆகிவிட்டது. ஃபோட்டோ அனுப்பினேன். மாவைத் தொட்டும் தொடாமலும் சேர்த்தால் போதும் என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் உறை ஊற்ற மனமில்லை. கீழே கடையில் ஒரு பாட்டில் லபான், அதாவது இந்த ஊர்க் கடை மோர், வாங்கிவந்து சுட்டேன். அச்சு அசல் அவர் ரொட்டி. புளிப்புகூட அதேதான். வீடியோ காலில் மனைவியிடம் காட்டினேன்.

"தனி ஆளுக்கு எதுக்குங்க இவ்ளோ பெருசு?" என்றாள்.

லபான் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடையில் அது என்றைக்கும் இருந்தது. ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அவருக்கு என் மோர் தேவைப்படவில்லை. அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

எதிர் ஃபிளாட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்து நான்கு நாள் ஆகிறது. அவரும் தனி ஆள்தான். எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. என் வீட்டில் சர்க்கரை டப்பா நிறைய இருந்தது. காலி டம்ளர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மணியை அடித்தேன். கதவு திறந்ததும், கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா என்று கேட்டேன்.