ரெண்டு மரக்கால் வீட்டு மாப்பிள்ளை

சமஸ்தானம் போய் இந்திய சர்க்கார் வந்த வருஷம், நாற்பத்தெட்டில், இலுப்பூர் சந்தையில்தான் ஆத்மநாதன் என்ற பேரை முதலில் கேட்டேன். எங்களுக்குத் தூரத்து உறவான குன்றாண்டார்கோவில் காத்தாயி, மிளகாய் விற்றுக்கொண்டே சொன்னாள்:

"எம்மகன் ஆத்மநாதன் காலேசுல சரித்திரம் படிக்கிறான்."

"எந்த ராசா சரித்திரம்?"

"ராசா இல்லையாம். நெல்லு வெலைச் சரித்திரமாம்."

நெல்லு விலைக்கு ஏது சரித்திரம்? அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பத்து வருஷம் கழித்து, பட்டணத்துப் பல்கலைக்கழகத்தில் வாத்தியாராகிவிட்ட அதே பிள்ளை, என் அண்ணன் மகள் சொர்ணவல்லியைப் பெண் பார்க்க வந்தது. அண்ணன் ரெங்கசாமி நெல் வியாபாரி. காப்பி குடித்ததும் மாப்பிள்ளை கேட்டார்:

"மாமா, நீங்க நெல்லு அளக்குற மரக்காலைக் கொஞ்சம் பாக்கலாங்களா?"

வியாபாரி வீட்டில் மரக்காலைக் கேட்பது, அளவில் திருடுகிறாய் என்பதற்குச் சமம். அண்ணன் முகம் கறுத்தது.

"என் அளவுல கொறையின்னு எவன் சொன்னான்?"

"ஐயோ, அப்படி இல்லைங்க மாமா. ஊருக்கு ஊரு மரக்கால் வேற. அது தெரியாம நூறு வருசத்து வெலையை எப்படிங்க ஒப்பிட்டுப் பாக்குறது?"

"நூறு வருசத்து வெலைக்கு இன்னைக்கு எவன் நெல்லுத் தருவான்?"

அப்போது உள்ளேயிருந்து சொர்ணவல்லி கேட்டாள்: "ஐயா, எந்த மரக்காலைக் கேக்குறாங்க? வாங்குறதா, விக்கிறதா?"

மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். "ரெண்டு இருக்கா!"

சந்தோஷமா, கேலியா? அண்ணன் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சேதி பரவி, 'ரெண்டு மரக்கால் வீடு' என்றே எங்களுக்குப் பேராகிப்போனது. சொர்ணவல்லியைக் கேட்டு வேறு யாரும் வரவில்லை. காத்தாயிதான் மறுபடி வந்தாள்.

"அண்ணே, எத்தனையோ ஊர்ல மரக்காலைக் கேட்டானாம். நெசத்தைச் சொன்னது ஒங்க மக மட்டுந்தானாம். கட்டுனா அதைத்தான் கட்டுவேங்கிறான்."

"இது எம்மகளுக்குப் புகழா, எனக்கு ஏச்சா?" என்று அண்ணன் என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? "பொண்ணைக் கேளுண்ணே" என்றேன். அவள் சரி என்றாள். கல்யாணம் நடந்தது.

பிறகு கிலோ வந்து மரக்கால் செல்லாது என்று ஆனபோது, அண்ணனே இரண்டையும் சாக்கில் கட்டி மருமகனுக்கு ரயிலேற்றினார். மருமகன் எழுதிய புத்தகத்தில் அவை படமாக வந்திருக்கின்றன. அதைப் படித்த பிள்ளைகள் ஊரூராகப் போய்ப் படியும் மரக்காலும் அளக்கிறார்களாம். அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் புத்தகத்தைக் காட்டுவார். அந்தப் படம் வருமுன் மூடிவிடுவார். அன்றைக்கு மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தாரா, மரக்கால் பார்க்க வந்தாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆத்மநாதன் இப்போது சொர்ணவல்லியோடு பட்டணத்தில் இருக்கிறார், அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக.