மூன்று வரி நோட்டு

கிளினிக்கில் எனக்கு பிரஷர் பார்த்த நர்ஸ் மிஸ்ஸிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மாத்திரையோடு சேர்த்து ஒரு யோசனையும் கொடுத்தாள். “அக்கா, டெய்லி மூணு சின்ன சந்தோஷத்த எழுதி வைங்களேன். மனசு லேசாயிடும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில், பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக வலது கையும் காலும் விளங்காமல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புருஷன். லோரி ஓட்டிய காலத்து அதிகாரம் மட்டும் அவருக்கு இன்னும் குறையவில்லை. காலையில் அவரைக் குளிப்பாட்டி, சோறு போட்டு மூடி வைத்துவிட்டு, ஃபெரி பிடித்து அக்கரைக்குப் போய், மாக் மண்டினில் இருக்கும் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள் நான். மூன்று சந்தோஷத்துக்கு எங்கே போவது?

வீம்புக்குத்தான் ஆரம்பித்தேன். முதல் நாள், ‘ஃபெரியில் இடம் கிடைத்தது. சூப்பர்வைசர் லீவு. மூன்றாவது இல்லை’ என்று எழுதினேன். போகப் போகக் கை தானாக எழுதியது. ஜன்னலோரத்து உப்புக் காற்று. ஐஸ் போட்ட ஜாதிக்காய்த் தண்ணீர், முதல் மடக்கில் பல் கூசியது. பூக்கார அக்கா கேட்காமலே ஒரு சாண் மல்லிகை கூடுதலாகக் கொடுத்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, மிஸ்ஸி சொன்னது பலித்தது. நோட்டில் எழுதுவதற்காகவே சாலையில் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன்.

தொழிற்சாலையில் யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்கள் என்று தமிழில் எழுதினேன். கூட வேலை செய்யும் சீனப் பெண்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் புரியாது. மகன் மலாய்ப் பள்ளியில் படித்தவன், கோலாலம்பூரில் இருக்கிறான். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என் வீட்டிலேயே இருந்தார். அது என் மண்டைக்கு எட்டவே இல்லை. வீட்டுக்கு வந்தால் நோட்டை டிவி பக்கத்தில் போட்டு வைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் நோட்டை மடியில் வைத்திருந்தார். ரொம்ப நேரமாகப் படித்திருப்பார் போல. நாக்கு குழறக் குழறக் கேட்டார்.

“இதுல நான் எங்கயுமே இல்லையே.”

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அன்று காலையில்தான் சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டிருந்தார். தரையைத் துடைத்த ஈரம்கூட என் கையில் காயவில்லை.

“சந்தோஷத்தத்தான் எழுதச் சொன்னாங்க” என்றேன்.

அவர் நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் நோட்டைத் தொடாமலே வேலைக்குப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். சமையலறை முழுக்க டின் பால். மேசையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, எறும்பு வரிசை கட்டியிருந்தது. அடுப்படியில் தண்ணீர், தரையில் தேயிலை. சுடுதண்ணீர் மேலே கொட்டியிருந்தால் யார் பார்ப்பது என்று கத்தினேன். ஒரு நாளாவது என்னை நிம்மதியாக வீட்டுக்குள் நுழைய விடமாட்டீர்களா என்றும் கத்தினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை.

மேசையைத் துடைக்கப் போனபோதுதான் கண்ணில் பட்டது. ஒரு கோப்பை தேத்தண்ணி, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் என் நோட்டு திறந்து கிடந்தது. இடது கையால், கோணல் மாணலாக, அன்றைய தேதியைப் போட்டிருந்தார். அதற்குக் கீழே ‘1’ என்று எழுதி, நான் எழுதுவதற்கு இடம் விட்டிருந்தார். பேனாவையும் மூடி கழற்றி வைத்திருந்தார்.

நின்றபடியே அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன். ஆறிப்போய், இனிப்பு திகட்டியது. அடிவரை குடித்தேன். கத்தியதற்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். நல்லா இருந்ததா என்று அவரும் கேட்கவில்லை.

அந்த ‘1’க்கு எதிரே இன்றுவரை நான் ஒன்றும் எழுதவில்லை. அவரும் அதற்குப் பிறகு தேத்தண்ணி போடவில்லை.