அண்ணனின் கிட்டாரில் நான் அறுத்த சுருள்

அண்ணனுக்கு வளைகுடாவில் ஜெனரேட்டர் கூடத்தில் வேலை. முதல் விடுமுறைக்கு வந்தபோது அவன் கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று மட்டும் ஆள் நீளத்துக்கு இருந்தது. அங்கே ஓட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு வயசாளி, ஊருக்குத் திரும்பும்போது அவனிடம் விற்றுவிட்டுப் போன எலெக்ட்ரிக் கிட்டார் அது. அண்ணனைவிட அதற்கு வயது கூடுதல். வார்னிஷ் முழுக்க நுண்ணிய வெடிப்புகள். கழுத்தில் பெருவிரல் படும் இடத்தில் மரம் வெளுத்திருந்தது. விடுமுறை முடிந்து போகும்போது அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, எடுக்கக் கூடாது என்று என்னிடம் சொன்னான். அம்மாவிடம் சொல்லவில்லை. வீட்டில் அதை எடுக்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

நான் எடுத்தேன். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது. எங்கள் சபையில் பாடகர் குழுவுக்குப் பயிற்சி தொடங்கியிருந்தது. எனக்குக் கிட்டாரில் நாலைந்து கார்டுகள் பிடிக்கத் தெரியும். எல்லாரும் திரும்பிப் பார்க்கவேண்டும் என்ற ஆசைதான், வேறு காரணம் சொல்வதற்கில்லை.

மூன்றாவது நாள் பயிற்சியில் சத்தம் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. அந்தக் கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் இரண்டு பிக்கப் உண்டு. ஒன்று கழுத்துப் பக்கம், மற்றது வாசிக்கிற கைப் பக்கம். ஒவ்வொன்றுக்குள்ளும் காந்தமும் அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும் இருக்கும். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புவது அந்தச் சுருள்தான். கைப் பக்கத்துப் பிக்கப் ஒரு நிமிடம் கேட்டது, ஒரு நிமிடம் செத்துக் கிடந்தது.

அப்போதே எனக்குத் தக்கலையில் டிவி, மிக்சி பழுது பார்க்கும் கடை. இது எனக்கு ஒரு வேலையே இல்லை என்று நினைத்தேன். கிட்டாரில் ஒயர் குத்தும் துளையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. சுருள் அறுந்துவிட்டது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். பிக்கப்பின் இரண்டு முனைகளிலும் நேராக மீட்டரை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கடைக்கு வரும் எந்த மிக்சியிலும் நான் அதைச் செய்யாமல் இருந்ததில்லை. அன்றைக்குச் செய்யவில்லை.

பிக்கப்பைக் கழற்றிச் சுருளின் மேல் ஒட்டியிருந்த பழைய டேப்பை உரித்தேன். வயதான பசை. டேப்போடு சேர்ந்து செப்புக்கம்பியும் கொத்தாகப் பிய்ந்து வந்தது. முனையைத் தேடி ஊசியால் கிளறக் கிளற இன்னும் நாலைந்து இடத்தில் அறுந்தது. இப்போது மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை. பார்த்தாயா, அறுந்துதான் இருந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலையே அண்ணன் போன் செய்து, கிறிஸ்துமஸுக்கு வருவதாக அம்மாவிடம் சொன்னான்.

கருங்கலில் ஒரு அக்கா பம்ப் மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் பட்டறை வைத்திருந்தார். சுற்றுவது, பூட்டுவது எல்லாம் அவரேதான். பிக்கப்பை வாங்கிக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் சுத்துக கம்பி இல்ல மக்கா. மூச்சு விட்டா அறும். இதுல எத்தன சுத்து இருந்துன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. அறுவதற்கு முன்னால் அளந்திருந்தால் கணக்குப் போட்டிருக்கலாம். ரிலேக்களுக்கு வாங்கி வைத்திருந்த மெல்லிய கம்பி கொஞ்சம் அவரிடம் இருந்தது. பழையதைவிட அது இன்னும் சன்னம் என்று எச்சரித்தார். பரவாயில்லை, பழைய கனம் வரும்வரை சுற்றுங்கள் என்றேன். சன்னக் கம்பியில் அதே கனம் என்றால் சுற்று கூடும், சுற்று கூடினால் கிணுகிணுக்கும் கீச்சுச் சத்தங்கள் அடைபட்டுக் குரல் கனத்துப்போகும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு தடவை அறுந்து மூன்றாவது தடவை சுற்றி முடித்தார்.

வீட்டுக்கு வந்து பூட்டினேன். சத்தம் வந்தது. ஐந்து நிமிடத்தில் நின்றது. மறுபடி வந்தது.

கிட்டாரின் பின்மூடியைத் திறந்து பிக்கப்பை மாற்றும் சுவிட்சைப் பார்த்தேன். அதன் பித்தளை நாக்கில் பச்சைக் களிம்பு. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு அது வாடிக்கை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. பத்து நிமிட வேலை. அந்தச் சுருளுக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் யார் யார் கையிலோ பிழைத்துக் கிடந்ததை நான் ஒரு மத்தியானத்தில் பிய்த்துப் போட்டிருந்தேன்.

அண்ணன் வந்த அன்றே கிட்டாரை எடுத்தான். கொஞ்ச நேரம் வாசித்தான். சுவிட்சை இப்படியும் அப்படியும் தள்ளினான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"லே, இதுல என்னமோ போச்சு. அந்தக் கிணுக்கம் இல்ல. நீ கேளு."

நான் கேட்பதுபோல நின்றேன். "எனக்குப் பழையதுபோலதான் கேக்கு அண்ணே" என்றேன்.

அவன் என்னை நம்பினான். நான் ரிப்பேர்காரன் அல்லவா. கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு இடதுகாதை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுத்தான். ஒரு வருடமாகக் காதுக்குள் சீவீட்டுப் பூச்சி ஓயாமல் கத்துவதுபோல இருக்கிறது, ஜெனரேட்டர் கூடத்தில் கூட வேலை பார்த்த இரண்டு பேருக்குக் காது போய்விட்டது, தனக்கும் தொடங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது என்று சொன்னான். இதை அவன் போனில் எங்களிடம் சொன்னதே இல்லை. அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் கட்டிலுக்கு அடியில் இருந்து எடுத்தது முதல் சொல்ல வேண்டியிருக்கும். நான் அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

அதற்குப் பிறகு அவன் வாசிப்பது குறைந்தது. எடுப்பான், கைப் பக்கத்துப் பிக்கப்பில் இரண்டு தட்டுத் தட்டுவான், வைத்துவிடுவான். கிறிஸ்துமஸ் ஆராதனையில் வாசிக்கக் கூப்பிட்டதற்கு மாட்டேன் என்றுவிட்டான். அம்மா என்னிடம், அவனுக்கு அங்கே ஏதோ பிரச்சினை, உன்னிடம் சொன்னானா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் நாகர்கோவிலில் காது டாக்டரிடம் போனான். துணைக்கு என்னைக் கூப்பிட்டான். தக்கலையில் பஸ் ஏறியதிலிருந்து ஆஸ்பத்திரி வரை, காது போனால் கூடத்தில் வைத்திருக்க மாட்டார்கள், வேறு வேலையும் தனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே வந்தான். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவனை உட்கார்த்திக் காதில் ஹெட்போனை மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் கையைத் தூக்க வேண்டும். நான் வெளியே பெஞ்சில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்ட நேரம் அவன் கை தூங்கியதுபோல மடியிலேயே கிடந்தது. இதற்கெல்லாம் காரணம் நான் என்று எனக்கு அப்போது தோன்றியது. அது உண்மையில்லை. ஆனால் அப்படித்தான் தோன்றியது.

டாக்டர் தாளில் கோடு போட்டுக் காட்டினார். இரண்டு காதிலும் உயர்ந்த சத்தங்கள் கொஞ்சம் குறைந்திருந்தன. இடதில் கூடுதல். இரைச்சலால் வந்தது, திரும்பி வராது, இனியாவது காதை மூடி வேலை செய்யவேண்டும் என்றார். அண்ணன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கிட்டார்தான் முதலில் காட்டிக்கொடுத்தது என்று அவரிடம் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் முன்னால் கிட்டாரைப் படுக்கவைத்துப் பிக்கப்பைக் கழற்றினேன். புதுக்கம்பி பளபளவென்று இருந்தது. எடுத்தது, பிய்த்தது, கருங்கல், சுவிட்ச் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பிக்கப்பை எடுத்து விரலால் தடவினான்.

"அப்போ நான் கேட்டது செரிதான்."

ஒரு கணம் அவன் முகம் தெளிந்ததுபோலக்கூட இருந்தது. பிறகு சட்டைப்பையில் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்தான்.

"கம்பி அறுந்தது கெடக்கட்டும். இன்னிக்கு எனக்ககூட பஸ்ஸுல வந்தியே. அப்பவும் ஒரு வார்த்த மிண்டாம இருந்தியே."

இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் கிட்டாரையும் சின்ன ஆம்ப்ளிஃபையரையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பட்டறைக்குக் கூட்டிப் போ என்றான். சுற்று கூடிப்போயிருந்தால் வெளிப்பக்கமிருந்து குறைக்கலாமே என்று அவனுக்குத் தோன்றியிருந்தது. அக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பியை அவிழ்த்தார். நான் முனையை ஈயத்தால் பற்றவைத்தேன். அவன் தந்தியை முறுக்கி வாசித்தான். போதாது என்பான். மறுபடி கழற்றி, மறுபடி அவிழ்த்து. நடுவில் கரண்ட் போய் ஒரு மணிநேரம் மூன்று பேரும் சும்மா இருந்தோம். அன்றைக்கு முடியாமல் மறுநாளும் போனோம்.

ஐந்தாவது தடவை வாசித்துவிட்டு அவன் தலையைச் சாய்த்தான். வலதுகாதைத் திருப்பி மறுபடி வாசித்தான். அவனுக்கு உறுதியில்லை என்று தெரிந்தது. இப்போது நன்றாக வருகிறது, கிணுக்கம் திரும்பிவிட்டது என்று நான் சொன்னேன். அது உண்மை. அவன் என் பக்கம் பார்க்காமல் அந்த அக்காவிடம் கேட்டான்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. இதுக்கு மின்ன வாசிச்சப்ப தெளிவா இருந்துதா, இப்பவா?"

"எனக்குப் பாட்டொண்ணும் தெரியாது கேட்டியா. ஆனா இதுதான் தெளிஞ்சு வருகு."

"அப்போ இது போதும்" என்றான்.

ஜனவரியில் அவன் திரும்பிப் போனபோது கிட்டாரையும் எடுத்துக்கொண்டான். நாலு வருடம் கழித்து ஒரேயடியாக வந்துவிட்டான். இப்போது கொட்டாரம் என்ற ஊரில் கடை வைத்திருக்கிறான். இடதுகாதில் மெஷின். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில்தான் சாப்பாடு. போன வருடம் அவன் மகளுடைய கீபோர்டு பழுதானது. அதைத் தக்கலையில் என் கடைக்குக் கொண்டுவராமல் நாகர்கோவிலில் வேறு ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்தான். சரிசெய்து வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.