ஒருவரும் சாகாத ஆஸ்பத்திரி

மறுநாள் காலை இடிபடவிருந்த அந்த ஆஸ்பத்திரியில், மூடப்படும்வரை தொடர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஒருவர்கூடச் செத்ததில்லை. சந்தேகப்படுபவர்கள் பதிவேட்டைப் புரட்டிக்கொள்ளலாம். வந்தவர்கள் அனைவரும் குணமடைந்து வீடு திரும்பியிருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேரை அதன்பிறகு வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தச் சாதனையின் முதுகெலும்பு, ஸ்ட்ரெச்சர் தள்ளியவர். ஊரார் அவருக்கு வைத்த பெயர் 'வெளிவாசல்'. ஆஸ்பத்திரிக்குள் ஒரு சாவு நிகழ்ந்தால் மூன்று படிகளில் அறிக்கை, மேலிடத்து விசாரணை, பெரிய டாக்டருக்குத் தலைவலி. ஆகவே பிழைக்கமாட்டார் என்று தெரிந்தவரை, மூச்சு நிற்கும் முன்பே வாசலுக்கு வெளியே இருந்த சிமெண்டுப் பெஞ்சில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிடுவது வழக்கமாயிற்று. பெஞ்சு தெருவுக்குச் சொந்தம். அங்கே செத்தால் தெருவின் பொறுப்பு. எதிர்க்கடை டீக்காரர் மட்டும் முணுமுணுப்பார்: "உன் ஆளுங்க சாகுறதுக்கு என் கடை வாசல்தானா கெடைச்சுது? எவன்யா இங்க உக்காந்து டீ குடிப்பான்?"

தொடக்கத்தில் பெரிய டாக்டர் சீட்டு எழுதித் தருவார், வெளிவாசல் தூக்குவார். நாளாக ஆக இவர் கைதேர்ந்துவிட்டார். போர்வையின் கால்பக்கத்தைத் தூக்கி நகத்தைப் பார்ப்பார். நீலம் பாரித்திருந்தால் ஆள் தேறாது. ஒருமுறைகூடத் தப்பியதில்லை. பிறகு முதலில் இவர் தூக்குவதும், சாவகாசமாக டாக்டர் சீட்டு எழுதுவதும் என்று வேலை தலைகீழாயிற்று. படித்தவர் எழுதினார், படிக்காதவர் முடிவு செய்தார். உலகத்தில் பல அலுவலகங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

இப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. இடிபடும் முன்பு ஒரு மணி நேரம் உள்ளே போய்வர, இடிப்பு மேற்பார்வையாளரிடம் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தார். கூடவே மகளும் வந்திருந்தாள். பத்தொன்பது ஆண்டுகளாக அவரிடம் முகம்கொடுத்துப் பேசாத மகள். பதின்மூன்று வயதில், அம்மா படுத்திருந்த ஸ்ட்ரெச்சரின் பின்னால் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளிவாசல்வரை ஓடியவள் அவள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவர் அப்பா.

"டாக்டர் சொன்னாரு, நான் தூக்கினேன். வேலைக்காரன் வேற என்னம்மா செய்வான்?" என்பது பத்தொன்பது ஆண்டுகளாக அவர் சொல்லிவரும் ஒரே பதில். சொல்லிச் சொல்லி அவருக்கே அது மனப்பாடமாகிவிட்டது. மகள் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்பவள். காகிதத்தில் இல்லாத எதையும் நம்பாத பிழைப்பு. "டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டுங்க. அன்னிக்கே என் வீட்டுக்கு வந்து இருங்க. இல்லேன்னா இனிமே போன் பண்ணாதீங்க" என்று சொல்லியிருந்தாள்.

வார்டில் கட்டில்கள் இல்லை. சுவரில் எண்கள் மட்டும் வரிசையாக நின்றன. மார்பளவு வரை பச்சைப் பெயிண்ட், அதற்குமேல் பூஞ்சை. ஆபரேஷன் அறை விளக்கில் புறாக்கள் குடும்பம் நடத்தின. அம்மாவின் கட்டில் இருந்த பதினோராம் எண்ணின் கீழே மகள் நின்றுவிட்டாள். கிழவர் நிற்கவில்லை. "ரெக்கார்டு ரூம் இந்தப் பக்கம்" என்று, விருந்தாளியை அழைத்துப்போகும் வீட்டுக்காரரைப்போல முன்னே நடந்தார்.

புது ஆஸ்பத்திரிக்காரர்கள் பழைய தாள்களை எடுத்துப்போகவில்லை. பழைய பாவம் அவர்களுக்கு எதற்கு? ஆண்டுவாரியாகப் பேண்டேஜ் துணியில் கட்டிய கட்டுகள். கரையான் முக்கால்வாசியைத் தின்று தீர்த்திருந்தது. பிறந்தவர்கள், கால் முறிந்தவர்கள், பாம்பு கடித்தவர்கள் எல்லாரும் மண்ணாகியிருந்தார்கள். பத்தொன்பது ஆண்டுக்கு முந்தைய அந்த ஒரு கட்டை மட்டும் அது தொடவில்லை. கரையானுக்கும் ருசி உண்டு போலிருக்கிறது.

"இருக்கு, இருக்கு" என்றார் கிழவர். கட்டைப் பிரித்து மகளிடம் நீட்டினார். தாளை உருவித் தானே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவு நம்பிக்கை. மேற்பார்வையாளரையும் பக்கத்தில் அழைத்துக்கொண்டார். "சாட்சிக்கு நீங்களும் கேளுங்க, தம்பி. படிம்மா. சத்தமா படி."

அவள் கோர்ட்டுக் குரலில் படித்தாள்.

"காலை எட்டு மணி. காய்ச்சல் இறங்கியுள்ளது. நாடி சீர். நாளை முதல் கஞ்சி கொடுக்கலாம். டாக்டர் கையெழுத்து." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒன்பதே கால். கணவர் தாமாக வந்து வெளியே எடுத்துச் சென்றார். நர்ஸ் கையெழுத்து. அதுக்குக் கீழ சிவப்பு மசியில, 'என்னைக் கேட்காமல் ஏன்?' மறுபடி டாக்டர். கடைசியில முத்திரை. குணமடைந்து வீடு திரும்பினார்."

மேற்பார்வையாளர் சுவரில் விரிசலை ஆராயத் தொடங்கினார்.

கிழவர் மகள் பக்கம் திரும்பினார். "அதுக்கு மொத நாள் அந்த நர்சம்மா எல்லார் முன்னாடியும் கேட்டுச்சு. 'உங்க வீட்டம்மான்னா மட்டும் உள்ளேயே வெச்சுப்பீங்களாண்ணே'ன்னு. சிரிச்சாங்க எல்லாரும். ஊரான் பொண்டாட்டிக்கு ஒரு ஞாயம், என் பொண்டாட்டிக்கு ஒரு ஞாயமான்னு நானே..." நிறுத்தினார். "நகம் நீலமா இருந்துச்சும்மா. என் கண்ணால பாத்தேன்."

"அம்மா எங்க வேலை பாத்தாங்க?"

"சாயப்பட்டறையில. நீலத் தொட்டியில துணி மிதிக்கிற வேலை."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா அம்மா கால் நகம் நீலம்தான்," என்றாள் மகள். "ஊர்ல இருக்குற கால் பூரா பாத்தீங்க. பதினஞ்சு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவ காலை ஒரு நாள் பாத்ததில்ல."

"அப்படியில்லம்மா..."

"மத்தவங்க எல்லாம் அரை மணியில போயிடுவாங்க. அம்மா சாயங்காலம்வரைக்கும் கெடந்தாங்க. டீக்கடைக்காரர் வந்து, அந்தம்மா தண்ணி கேக்குதுய்யான்னு சொன்னாரு. திரும்ப உள்ள கொண்டுபோங்கன்னு நான் அழுதேன். நீங்க என்ன சொன்னீங்க?"

அவருக்கு நினைவிருந்தது. வெளியே போனவரை மறுபடி உள்ளே எடுத்தால் பதிவேடு கெட்டுவிடும் என்பது விதி. அதைத்தான் சொன்னார். குழந்தைக்குப் புரியும்படி பொறுமையாக, இரண்டு முறை.

மகள் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லாததைக் கண்டு கிழவருக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது.

"அது எதுக்கும்மா உனக்கு?" என்றார் மெல்ல.

"ஒருவேளை நிஜமாவே டாக்டர்தான் சொல்லியிருப்பாரோ, அநியாயமா உங்களை ஒதுக்கி வெச்சிருக்கேனோன்னு எத்தனையோ நாள் தூக்கம் வராம கெடந்திருக்கேன்," என்றாள் அவள். "இனிமே அந்தக் கவலை இல்ல."

உள்ளே வர மேற்பார்வையாளர் தந்திருந்த தலைக்கவசத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்து, நன்றி சொல்லி, வெளிவாசலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.