தொகாஷி வைத்த ஒப்புதல் பொத்தான்

தொகாஷி யோஷினோவுக்கு உட்காரத் தெரியாது. கணினி முன்னால் வேலை பார்க்கிறவள் எப்படி உட்காராமல் இருப்பாள் என்று கேட்காதீர்கள். மூன்று வருஷம் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவள் சொல்கிறேன். நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பாள். வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். கால் மணிக்கு ஒரு தரம் எழுந்து தாழ்வாரக் கோடி வரை போய், வண்டிகள்மேல் எவ்வளவு பனி ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவாள். அந்தக் கால் ஆட்டத்தில் என் தேநீர்க் கோப்பையில் அலையடிக்கும். "தொகாஷி சான், இனிமே பூகம்பம் வந்தாக்கூட எனக்குத் தெரியாது போங்க" என்று ஒருநாள், பெயரோடு மரியாதைக்குச் சேர்க்கிற 'சான்' குறையாமல், சொல்லியே விட்டேன். தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். கால் நிற்கவில்லை.

சுபாமே ஊரில் கரண்டியும் முள்கரண்டியும் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் ஹொன்மா, பொது நிர்வாகப் பிரிவில் இருபத்து மூன்று வருஷமாக இருக்கிறேன். தொகாஷி எங்கள் ஊழியர் இல்லை. ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று அவளை எங்களுக்கு அனுப்பியிருந்தது. முப்பத்தெட்டு வயசுக்குள் நாங்கள் அவளுக்கு ஒன்பதாவது கம்பெனி. அப்படி வருகிறவர்கள் ஒரே பிரிவில் மூன்று வருஷத்துக்கு மேல் இருக்க முடியாது. அதற்குள் கம்பெனி சொந்த ஊழியராக எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். அவளுடைய மூன்று வருஷம் மார்ச்சோடு முடிகிறது.

அவளுக்கு இங்கேயே இருக்க ஆசை. வாய் திறந்து சொன்னதில்லை, ஆனால் போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் மதியம் சோற்றுருண்டையைப் பிரித்துக்கொண்டே, "ஹொன்மா சான், பெரிய ஃபிரிட்ஜா வாங்கிட்டேன்" என்றாள். வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுகிறவர்கள் இடுப்பளவு உயரத்துக்கு மேல் ஃபிரிட்ஜ் வாங்க மாட்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது.

அவளுக்குக் கொடுத்த வேலை, எங்கள் காகிதத்தையெல்லாம் கணினிக்குள் கொண்டுபோவது. எங்கள் கம்பெனியில் லீவு வேண்டுமானாலும் நாற்காலி வேண்டுமானாலும் ஒரு காகிதம் எழுத வேண்டும். அது மேசை மேசையாகப் போகும், ஒவ்வொரு தலைவரும் தன் பெயர் முத்திரையைச் சிவப்பாக வைப்பார். வைப்பார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒன்பது தலைவர்களின் முத்திரையும் என் இழுப்பறையில் இருக்கும், நான்தான் வைப்பேன். படிக்க மாட்டேன், அவர்களும் படிக்க மாட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

தொகாஷி அதற்கு ஒரு வலைத்தளம் கட்டினாள். அவரவர் பெயர், கடவுச்சொல் போட்டு உள்ளே போக வேண்டும். எழுதுகிறவர், ஒப்புதல் கொடுக்கிறவர், பார்க்க மட்டும் முடிகிறவர் என்று ஆளுக்கொரு பங்கு. தவிர, 'என் விருப்பங்கள்' என்று ஒரு பக்கம். மின்னஞ்சலில் தகவல் வரட்டுமா, மணி அடிக்கட்டுமா என்று வரிசையாகச் சின்னச் சின்ன விசைகள், தள்ளினால் பச்சை, திரும்பத் தள்ளினால் சாம்பல்.

முதல் சண்டையே அங்கேதான் வந்தது. எங்கள் பிரிவுத் தலைவர் குமாகுரா. அவரை எல்லாரும் கச்சோ என்றுதான் கூப்பிடுவோம். மாதிரிப் பக்கத்தைப் பார்த்தவர் கழுத்தைச் சாய்த்தார்.

"இது என்ன, எல்லாருடைய முத்திரையும் நட்டுக்க நிக்குது?"

"நேராத்தானே இருக்கணும், கச்சோ?"

"காகிதத்துல என் முத்திரையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்ச்சு வைப்பேன். பக்கத்துல முதலாளி முத்திரை இருக்கு பாருங்க, அதுக்குக் கும்பிடு போடுற மாதிரி. இப்படி நின்னா அவர் என்ன நினைப்பார்?"

சாய்த்து வைத்துக்கொண்டிருந்தது நான். அதைச் சொல்லவில்லை. தொகாஷி தாழ்வாரத்தில் நாலு தரம் நடந்துவிட்டு வந்து, 'என் முத்திரையைச் சாய்த்துக் காட்டு' என்று புதிதாக ஒரு விசை வைத்தாள். எத்தனை பாகை சாயலாம் என்று முடிவுசெய்ய இரண்டு கூட்டம் நடந்தது. இன்றைக்கும் அந்தத் தளத்தில் மிக அதிகமாகத் தள்ளப்படுகிற விசை அதுதான்.

பிப்ரவரி முதல் தேதி தளம் நடைமுறைக்கு வந்தது. தலைவர்களை உட்கார வைத்து அவளே சொல்லிக்கொடுத்தாள். "தயவுசெஞ்சு ஒரு தடவை படிச்சுட்டு அழுத்துங்க. அதுக்காகத்தான் இவ்வளவும்" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாள் காலை ஒவ்வொருத்தராக என் மேசைக்கு வந்தார்கள், கையில் மஞ்சள் ஒட்டுச்சீட்டு.

"ஹொன்மா சான், இது என் கடவுச்சொல். முத்திரையோட சேர்த்து வெச்சுக்கோங்க."

ஒன்பது சீட்டு. வாங்கி இழுப்பறையில் போட்டேன். வேறு என்ன செய்வது, முத்திரை இருக்கிற இடத்தில்தானே அதுவும் இருக்க வேண்டும்? தொகாஷி அதைப் பார்த்தபோது அவள் முகம் போன போக்கு! அழுவாளோ என்று பயந்தேன், சிரித்தாள்.

"மூணு வருஷம் கதவு செஞ்சேன். சாவியெல்லாம் உங்ககிட்ட."

"கதவு நல்லாத்தான் இருக்கு. திறக்கத்தான் ஆள் இல்ல."

"இனிமே யாருக்காகவும் நீங்க அழுத்தக் கூடாது, ஹொன்மா சான். எந்தக் கணினியிலேர்ந்து அழுத்தினாங்கன்னு பதிவாகும்."

சரி என்றேன். அந்த வாரமே தொகாஷியைச் சொந்த ஊழியராக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற விண்ணப்பத்தை நானே எழுதி ஏற்றினேன். அதற்கு முன்னால் கச்சோவிடம் ஒரு வார்த்தை சொன்னேன். "ம், எழுதுங்க" என்றார். பழைய நாளாக இருந்தால் அதுவே சம்மதம். பத்து நிமிஷத்தில் முத்திரை விழுந்து முதலாளி மேசைக்குப் போயிருக்கும். இப்போது கச்சோ திறந்து பார்த்து அழுத்த வேண்டும். ஏஜென்சிக்கு இருபத்தெட்டாம் தேதி மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவர் திறக்கவில்லை. நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது மணி அடித்ததாம், எரிச்சலில் எல்லா விசைகளையும் சாம்பலாக்கிவிட்டார், அந்தச் சாய்க்கிற விசை ஒன்றைத் தவிர. பத்தாம் தேதி, 'இன்னும் படிக்கப்படவில்லை'. இருபதாம் தேதியும் அதே. தளம் முழுவதையும் பார்க்கும் அதிகாரம் தொகாஷியிடம் இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த வரியைப் பார்த்தாளோ தெரியாது. கால் ஆட்டம் கைக்கு ஏறியது. பேனா மூடியைக் கழற்றுவாள், மூடுவாள். எழுந்து போவாள், பாதியில் திரும்பி வருவாள். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் வேலை ஓடவில்லை. நானும் நடக்க ஆரம்பித்தேன்.

"போய்ச் சொல்லேன்டி" என்றேன். அவளை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் எப்படி? என்னைப் பத்தின காகிதம். எனக்கு வாய் வராது."

நானும் இரண்டு தரம் ஜாடையாக ஞாபகப்படுத்தினேன். "பார்க்கறேன், பார்க்கறேன்" என்றார் கச்சோ.

இருபத்தெட்டாம் தேதி மதியம். அவள் சாப்பிடப் போயிருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. இழுப்பறையைத் திறந்தேன். குமாகுராவின் சீட்டை எடுத்தேன், உள்ளே போனேன், ஒப்புதலை அழுத்தினேன். சாய்ந்த சிவப்பு முத்திரை விழுந்தது. இருபத்து மூன்று வருஷமாக நான் வைத்ததில் அவ்வளவு சந்தோஷமாக வைத்தது வேறொன்று இல்லை.

ஐந்தே நிமிஷத்தில் கைப்பேசியும் கையுமாக வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஹொன்மா சான், உங்க கணினி நம்பர் பதிவாயிருக்கு."

"யாரு பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்தேனே."

"பேசாம இரு. இப்படித்தான் இந்தக் கம்பெனியே நடக்குது. உன் ஃபிரிட்ஜை எங்க தூக்கிட்டுப் போவே?"

உதட்டைக் கடித்தாள். உட்கார்ந்தாள், நாற்காலி முழுவதையும் அடைத்து, கால் ஆடாமல். நான் வைத்த ஒப்புதலைத் தன் பெயரில் நீக்கினாள். 'ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை' என்று காரணம் எழுதினாள். பிறகு எழுந்து நேராகக் கச்சோ மேசைக்குப் போனாள்.

"கச்சோ, தொந்தரவுக்கு மன்னிக்கணும். என்னைப் பத்தின விண்ணப்பம் ஒண்ணு உங்ககிட்ட இருக்கு. இன்னைக்குக் கடைசி நாள். ஆமாவோ இல்லையோ, நீங்களே படிச்சு அழுத்துங்க."

எங்கள் ஆபீஸில் அப்படி யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கச்சோ கண்ணாடியைத் தேடினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஹொன்மா சான், என் கடவுச்சொல் என்ன?" என்றார். யாரோ இருமினார்கள். சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் படித்தார். நிஜமாகவே படித்தார், விரலால் வரி தொட்டு, முதலிலிருந்து கடைசி வரை. அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தத் தளத்து வேலை முடிஞ்சுடுச்சா, தொகாஷி சான்?"

இல்லை என்று சொல், பாதிதான் ஆகியிருக்கிறது என்று சொல் என்று எனக்குள் கத்தினேன்.

"முடிஞ்சுடுச்சு, கச்சோ."

"கோளாறு ஏதாவது?"

"இந்த மாசம் ஒண்ணும் இல்ல."

பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். வாய்விட்டு முடியாது என்று சொல்லாமல் சொல்கிற சத்தம் அது, எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. "படிச்சுத்தான் அழுத்தணும்னு நீங்க சொல்லிக் கொடுத்தீங்க. படிச்சா, வேலை முடிஞ்ச இடத்துல ஒரு ஆளை எப்படிச் சேர்க்கறதுன்னு..." என்று இழுத்தார். குரலில் கெட்ட எண்ணம் இல்லை, வருத்தம்கூட இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்தால் திட்டித் தொலைக்கலாம்.

மவுஸை அங்கும் இங்கும் நகர்த்தினார். "திருப்பி அனுப்பறது எங்க இருக்கு?"

"கீழ, வலது பக்கம், கச்சோ" என்று தொகாஷி குனிந்து காட்டினாள். "காரணம் எழுதாம அழுத்த முடியாது. அந்தக் கட்டத்துல எழுதுங்க."

இரண்டு விரலால் தட்டி 'பணி நிறைவடைந்தது' என்று எழுதினார், அழுத்தினார். அடுத்த நொடி அவள் சட்டைப் பையில் கைப்பேசி 'டிங்' என்றது. யாரைப் பற்றிய விண்ணப்பமோ அவருக்கு உடனே தகவல் போக வேண்டும் என்று அவளே வைத்த ஏற்பாடு. எடுத்துப் பார்த்தாள்.

"வந்துடுச்சு, கச்சோ. சரியா வேலை செய்யுது" என்றாள், தலை குனிந்து வணங்கினாள்.