குடை சுமந்த முதுகு

"நல்லா அழுத்து லா" என்று குப்புறப் படுத்துக்கொண்டு முனகினார் என் வீட்டுக்காரர். நாள் முழுக்கச் சோபாவில் சாய்ந்து பந்து விளையாட்டுப் பார்த்த முதுகு, வலிக்காமல் என்ன செய்யும்? நான் கியா பார்ம் காய்கறிக் கடையில் கோஸ் கூடை தூக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். ஜாதிக்காய்த் தைலத்தைக் கையில் ஊற்றியதும், அந்த வாடை என்னைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கே இழுத்துப்போய்விட்டது.

அப்பா கங்காணி. மலைச்சரிவில் குடை பிடித்து நின்றுகொண்டு, கொழுந்து பறிக்கிற பெண்களை ஏசுவதுதான் அவர் வேலை. அந்தப் பெண்களில் ஒருத்தி அம்மா. கூடை சுமந்து மலை இறங்கி வந்தவள், சாயங்காலம் அவருக்கு முதுகு பிடித்துவிடுவாள். கை ஓய்ந்துபோனால் என்னை ஏறி மிதிக்கச் சொல்வாள். ஏழு வயசு எனக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு மிதிப்பேன். துரை மாதிரி "ம்ம்... ம்ம்" என்பார்.

அம்மாவுக்கு யாரும் தேய்த்துவிட்டதில்லை. கதவு நிலையில் முதுகைச் சாய்த்து மேலும் கீழும் உரசிக்கொள்வாள். நிலையின் பச்சைப் பெயிண்ட் அவள் உயரத்தில் மட்டும் தேய்ந்துபோயிருந்தது.

"நீ படும்மா, மிதிக்கிறேன்" என்றேன் ஒருநாள்.

"அவளுக்கு என்னாடி வலி? கூடைதானே தூக்குறா" என்றார் அப்பா.

அவர் செத்தபோது, "இந்த வயசிலும் முதுகு கூனவே இல்ல பாருங்க" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் மெச்சினார்கள். எப்படிக் கூனும்? ஆயுசுக்கும் அவர் சுமந்தது ஒரு குடை.

தைலப் புட்டியை மூடினேன். "எழுந்திரிங்க. இப்ப என் முதுகு" என்று நீட்டினேன்.

புட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், மூடியை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாதவர் மாதிரி.