ஆரோக்கியசாமி கட்டிய கயிறு வழுக்கவில்லை

சட்னிக்கு மிக்ஸி போட்டிருந்ததால் போன் அடித்தது முதலில் காதில் விழவில்லை. ஏலாக்குறிச்சியிலிருந்து லூர்துமேரி, ஆரோக்கியசாமியின் மனைவி. "அவரு போயிட்டாருங்க மேடம். காலையில எந்திரிக்கவே இல்ல" என்றார். மிக்ஸியை நான் மறுபடி போடவில்லை.

அரியலூரில் வீட்டுத் தோட்டத்து மரத்தை எடுக்க வேண்டுமென்றால் ஆரோக்கியசாமியைத்தான் கூப்பிடுவோம். கைரம்பம், கோடாரி, அரிவாள், கயிறு. அவ்வளவுதான் அவர் சாமான். அடிமரத்தில் ரம்பம் வைப்பதற்கு முன் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஆள் அனுப்புவார். மிக்ஸி, டிவி, தண்ணீர் மோட்டார் எல்லாம் நிற்க வேண்டும். "சாயிறதுக்கு முன்னாடி மரம் ஒரு சத்தம் கொடுக்குங்க. மிஷின் ரம்பம் போட்டா அது கேக்காது. கேக்கலைன்னா ஆளு காலி" என்பார். எங்கள் தெருவில் சாவு வீட்டில்கூட அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் என் கணவர் இறந்தார். சில மாதம் கழித்து அடித்த காற்றில், சமையலறை ஜன்னலையொட்டி அவர் நட்டு வளர்த்த வேம்பு வேர் தூக்கி, பக்கத்து வீட்டுப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வேறு வழியில்லை. ஆரோக்கியசாமி வந்து இரண்டு நாளில் கிளைகளைக் கழித்தார். மூன்றாம் நாள் காலை ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க மேடம். கல் சுரங்கத்துல வெடி வச்ச காலத்துலயே ஒரு காது போச்சு. இப்ப இன்னொண்ணும் மந்தமாயிடுச்சு. நீங்க உள்ளயே நில்லுங்க. மடக்குன்னு சத்தம் வந்ததும் கையைத் தூக்குங்க. நான் உங்களையே பாத்துக்கிட்டு இருப்பேன்."

நான் கை தூக்கினால் அவர் விலகிக்கொள்வார். அவர் விலகுவதைப் பார்த்ததும், தோட்டத்துக் கோடியில் கயிற்றோடு நின்ற இருவரும் மரத்தை எங்கள் பக்கமாக இழுப்பார்கள். இதுதான் ஏற்பாடு.

சத்தம் வந்தது. நன்றாகவே கேட்டேன். என் கை ஜன்னல் கம்பியை விடவில்லை. இன்னும் கொஞ்சம் நிற்கட்டுமே என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவர் என் முகத்தைப் பார்த்தபடியே இன்னொரு இழுப்பு இழுத்தார். மரம் முறுக்கிக்கொண்டு அவர் தோளில் அடித்துப் பக்கத்து வீட்டுச் சுவர்மேல் விழுந்தது.

ஓடிவந்தவர்களிடம், தோளைப் பிடித்தபடி, "கயிறு வழுக்கிடுச்சுங்க. என் தப்புதான்" என்றார்.

எலும்பு கூடிவிட்டது, பேர் கூடவில்லை. ஆரோக்கியசாமி கட்டினால் கயிறு வழுக்கும் என்று ஊரே பேசியது. மிஷின் ரம்பக்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒருநாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஏலாக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். "சார் வச்ச மரம். கை எப்படிங்க எழும்பும்? விடுங்க மேடம்."

நானும் விட்டுவிட்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

அடக்கத்தன்று லூர்துமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கயிறு மட்டும் வழுக்காம இருந்திருந்தா கடைசி வரைக்கும் வேலை பாத்திருப்பாருங்க" என்று அழுதார். பெண்டாட்டியிடம்கூட அவர் சொல்லவில்லை. அன்றும் நான் ஊமையாகத்தான் வீடு திரும்பினேன். நேற்று மறுபடி போய் லூர்துமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் அந்த மனுசன்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

காது விஷயத்தை வெளியே சொன்னதற்கு ஆரோக்கியசாமி என்னை மன்னிக்கட்டும். எங்காவது ரம்பச் சத்தம் கேட்டால் இப்போதும் மிக்ஸியை நிறுத்திவிடுகிறேன். அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

அவரிடம் வேலை வாங்கியவர்களே, அவர் கட்டிய கயிறு வழுக்கவில்லை. மரம் சத்தம் கொடுத்தது. நான் கேட்டேன். இதோ, இப்போது கையைத் தூக்குகிறேன்.